கடையில் பாட்டு போடுகிறவர்களுக்கு: உரிமம் யாரிடம், எதற்கு, எப்படி

உறையூரில் எங்கள் டிபன் கடையில் 26 பேர் உட்காரலாம். கல்லாவுக்கு மேலே ஒரு ஸ்பீக்கர், உள்ளே ஃபேமிலி ரூமில் ஒன்று. காலை 6 மணிக்குப் பக்திப் பாட்டு, 8 மணிக்கு மேல் பழைய சினிமாப் பாட்டு, சாயங்காலம் பஜ்ஜி நேரத்தில் யார் எது கேட்டாலும். ஒன்பது வருடம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் மதியம் ஒருவர் வந்து சாம்பார் இட்லி சாப்பிட்டார். போனை மேசைமேல் வைத்து, ஓடிக்கொண்டிருந்த பாட்டைப் பதிவு செய்தார். கை கழுவிவிட்டு வந்து ஒரு கடிதத்தை நீட்டினார். "லைசென்ஸ் இல்லாம பாட்டு போடுறீங்க மேடம். இன்னைக்கே கட்டிட்டா குறைச்சுக் கட்டலாம், இல்லைன்னா கேஸாயிடும்" என்றார். பணம் அனுப்ப ஒரு கைப்பேசி எண்ணைக் காட்டினார். என் வீட்டுக்காரர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும், "அவர் வரட்டும், லெட்டரை வச்சிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று நான் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இதே வேலையாக இருந்தேன். எங்கள் கடையில் தினமும் காபி குடிக்கிற வக்கீல் ஐயா பொறுமையாக உட்கார்ந்து பிரிவு பிரிவாக விளக்கினார். டீக்கடை, சலூன், ஜிம், ஜவுளிக்கடை, லாட்ஜ் என்று எதை நடத்துகிறவராக இருந்தாலும், அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்னால் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். "சின்னக் கடைதானே, நமக்கெல்லாம் கிடையாது" என்று நானும் நினைத்திருந்தேன். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு விலக்குகளை வரிசையாகச் சொல்கிறது. அதில் சின்னக் கடைக்கு என்று எதுவும் இல்லை. வாடிக்கையாளர் காதில் விழும்படி வியாபார இடத்தில் பாட்டு ஓடினால், அது பொதுமக்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்ப்பதுதான். எத்தனை இருக்கை, எத்தனை ஸ்பீக்கர் என்பது கட்டணத்தைத்தான் மாற்றும்.

"நான் மாதாமாதம் ஸ்பாட்டிஃபைக்குக் காசு கட்டுகிறேனே" என்று கேட்கலாம். அந்தச் சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும். அதன் விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது. யூடியூப் பிரீமியமும் அப்படித்தான். காசு கொடுத்து வாங்கிய சிடிக்கும் இதே கதைதான். எஃப்எம் ரேடியோ வைத்தால் தப்பிக்கலாம் என்று பலர் சொல்வார்கள். ரேடியோ நிலையம் கட்டுவது ஒலிபரப்புவதற்கான பணம். அதை வைத்து நாம் கடை நடத்துவதற்கு அது பொருந்தாது.

சரி, யாருக்குக் கட்டுவது? இங்கேதான் எல்லோருக்கும் குழப்பம் வருகிறது. ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, பாட்டின் வரியும் மெட்டும். எழுதியவரும் இசையமைத்தவரும் உண்டாக்கியது. இன்னொன்று, ஸ்டுடியோவில் பதிவான ஒலிப்பதிவு. பெரும்பாலும் அது ஆடியோ கம்பெனியின் கையில் இருக்கும். வீட்டு மனையும் அதன்மேல் கட்டிய வீடும் வேறு வேறு ஆள் பெயரில் இருப்பது மாதிரி. ஒருவருக்குக் கட்டிய ரசீதை இன்னொருவரிடம் காட்டினால் செல்லாது. யார் வந்து கேட்டாலும் முதல் கேள்வி, "நீங்கள் எதற்குக் கேட்கிறீர்கள், வரிக்கும் மெட்டுக்குமா, பதிவுக்கா?" என்பதாக இருக்கட்டும்.

வரிக்கும் மெட்டுக்கும் கட்டுவதைப் பற்றி நான் கொஞ்சம் நிறையவே சொல்வேன். என் அப்பா திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் தபேலா வாசித்தவர். கோயில் திருவிழா, கல்யாணம் என்று ராத்திரி ராத்திரியாக வாசித்துவிட்டு, விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். கச்சேரிக்கு இவ்வளவு என்று கையில் வாங்கியதோடு சரி. சினிமாவில் பாட்டு எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் ரொம்ப காலம் இதே நிலைமைதான். படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு பாட்டு செய்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை அதன் உரிமை தயாரிப்பாளருக்கே என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாட்டு ஊரெல்லாம் ஓடும். எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ஒன்றும் வராது.

2012இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தியேட்டரில் படத்தோடு சேர்ந்து ஓடுவதைத் தவிர, வேறு எந்த வகையில் பாட்டு பயன்பட்டாலும், எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. அந்தப் பங்கை வாரிசுக்கோ, படைப்பாளிகள் சார்பில் வசூலிக்கிற உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது; எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. நம் டீக்கடையும் சலூனும் இந்த 'வேறு எந்த வகை'யில்தான் வருகின்றன. எஃப்எம் நிலையங்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் 2023இல் மும்பை உயர் நீதிமன்றமும், பதிவுக்குக் கட்டினால் மட்டும் போதாது, படைப்பாளிகளுக்கும் ராயல்டி தர வேண்டும் என்று சொன்னது. இந்தப் பணத்தைக் கட்டும்போது எனக்கு மனசு வலிக்கவே இல்லை.

இந்தப் பங்கை வசூலித்துக் கொடுக்கிற அமைப்பு ஐபிஆர்எஸ். 1969இல் தொடங்கியது. புதிய சட்டத்தின் கீழ் 2017இல் மறுபடி பதிவு பெற்ற உரிமைச் சங்கம். பதிவு பெற்ற சங்கம் என்றால் கட்டண அட்டவணையை வெளிப்படையாக வெளியிட வேண்டும் என்பது சட்டம். ஆகவே பேரம் பேச வேண்டியதில்லை. அட்டவணையைப் பார்த்து, நம் கடை எந்த வகையில் வருகிறது என்று நாமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவு விஷயம் இவ்வளவு சுலபமாக இல்லை. 1941இல் தொடங்கிய பிபிஎல் பல ஆடியோ கம்பெனிகளின் பதிவுகளுக்கு உரிமம் தருகிறது. நோவெக்ஸ் வேறு சில கம்பெனிகளுக்காகத் தருகிறது. ஆர்எம்பிஎல் என்பது 2021இல் ஒலிப்பதிவுகளுக்காகப் பதிவு பெற்ற உரிமைச் சங்கம். முதல் இரண்டும் உரிமைச் சங்கமாகப் பதிவு பெறாமல், "உரிமையே எங்கள் பெயருக்கு எழுதி வாங்கியிருக்கிறோம்" என்ற அடிப்படையில் வசூலிக்கின்றன. அப்படி வசூலிக்கலாமா என்பதுதான் பல வருடமாக நடக்கிற வழக்கு.

நம் சென்னை உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில், நோவெக்ஸ் தொடுத்த வழக்கில், உரிமம் தருவதையே தொழிலாக நடத்துவதானால் 33ஆம் பிரிவின்படி உரிமைச் சங்கமாகப் பதிவு வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் நேர்மாறாக, உரிமையாளராக இருந்தால் 30ஆம் பிரிவின்படி தாராளமாகத் தரலாம் என்றது. 2025 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ஒரு ஹோட்டல் நிறுவன வழக்கில் சென்னை பக்கமே சாய்ந்தது. ஆர்எம்பிஎல் கட்டண அட்டவணைப்படி பணம் கட்டவும் சொன்னது. சில நாட்களிலேயே அந்தக் கட்டண உத்தரவுக்கு உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது. நம் மாதிரி ஆட்கள் இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: ஒலிப்பதிவுக்காக யார் வந்து கேட்டாலும், எந்த உரிமையில் கேட்கிறார்கள் என்று காகிதத்தில் காட்டச் சொல்ல நமக்கு நியாயம் இருக்கிறது. "சென்னையில் தீர்ப்பு வந்துவிட்டது, ஒன்றும் கட்ட வேண்டாம்" என்று வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதை நம்பாதீர்கள். வழக்கு, வசூலிப்பவருக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்பதைப் பற்றியது. அந்த ஒலிப்பதிவு யாரோ ஒருவருடைய சொத்து என்பது மாறவே இல்லை.

பிடிபட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 63ஆம் பிரிவின்படி தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம்தான் இது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாடியில் சின்ன ஹால் வைத்து வாடகைக்கு விடுகிறவர்கள் 51ஆம் பிரிவைக் கவனிக்க வேண்டும். லாபத்துக்காக இடம் கொடுத்து, அங்கே மீறல் நடந்தால் இடம் கொடுத்தவருக்கும் பொறுப்பு உண்டு. அது மீறல் என்று தெரியாது, தெரிந்திருக்க வழியும் இல்லை என்றால்தான் தப்பலாம். எங்கள் தெருவில் ஹால் வைத்திருக்கும் அண்ணனிடம் சொல்லி, "பாட்டுக்கான உரிமம் நிகழ்ச்சி நடத்துகிறவர் பொறுப்பு, நகலை முன்கூட்டியே தர வேண்டும்" என்று வாடகைப் படிவத்தில் ஒரு வரி சேர்க்க வைத்தேன்.

கடிதத்தோடு ஆள் வந்தால் அன்றைக்கே பணம் கொடுக்காதீர்கள். விரட்டவும் வேண்டாம், உண்மையான ஆளாகவும் இருக்கலாம். பெயர், அடையாள அட்டை, கடித நகல் வாங்கி வைத்துக்கொண்டு, பதிவுத் தபாலில் பதில் அனுப்புங்கள். வக்கீல் ஐயா எனக்கு எழுதிக் கொடுத்தது கிட்டத்தட்ட இதுதான்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் கடையில் தாங்கள் கேட்டதாகச் சொல்லும் பாடல்களின் பட்டியல், தேதி, நேரம், அந்தப் பாடல்களில் தாங்கள் கோருவது வரி மற்றும் மெட்டின் உரிமையா, ஒலிப்பதிவின் உரிமையா, உரிமைச் சங்கமாக இருப்பின் பதிவுச் சான்று, உரிமையாளர் எனில் எழுதி வாங்கிய ஒப்பந்தத்தின் நகல், கட்டண அட்டவணை, நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறோம். சரிபார்த்தபின் உரிய கட்டணத்தைச் செலுத்தத் தயாராக இருக்கிறோம்."

கடைசி வரி முக்கியம். நாம் ஏமாற்ற நினைக்கவில்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எனக்கு அந்த ஏஜென்சியிடமிருந்து பதில் வரவே இல்லை. அந்தக் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பியிருந்தால் அது யாருக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் திக்கென்கிறது. எங்கள் கடைவீதியில் இரண்டு பேர் அனுப்பியிருக்கிறார்கள். இருவருக்கும் ரசீது கிடையாது. ஆதாரமில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டினால், மிரட்டுகிறவர்மேல் நாம் வழக்குப் போட 60ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உரிமம் வாங்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம் கடையில் ஓடுகிற பாட்டை எல்லாம் எழுதிவையுங்கள். என் மகள் கணக்கு நோட்டில் எழுதினாள். 214 பாட்டு வந்தது. ஒவ்வொரு ஆல்பத்தின் அடியிலும் வட்டத்துக்குள் 'பி' என்ற ஆங்கில எழுத்து, ஆண்டு, ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். அதுதான் பதிவுக்குச் சொந்தக்காரர். எங்கள் பட்டியலில் பெரும்பகுதி நாலு கம்பெனிக்குள் அடங்கிவிட்டது. இந்தப் பட்டியல் இல்லாமல் போனால், நீங்கள் போடவே போடாத இந்திப் பாட்டுக்கெல்லாம் சேர்த்துக் கட்டிவிட்டு, தினமும் போடுகிற தமிழ்ப் பாட்டுக்கு உரிமம் இல்லாமல் நிற்பீர்கள். "என் பட்டியலில் உள்ள இந்தக் கம்பெனிகள் உங்கள் உரிமத்தில் வருகின்றனவா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, மின்னஞ்சலிலேயே பதில் வாங்குங்கள். நான் வரிக்கும் மெட்டுக்கும் ஐபிஆர்எஸ்ஸில் எடுத்தேன். பதிவுக்கு, ஒப்பந்தத்தைக் காட்டியவர்களிடம் மட்டும் எழுத்தில் அனுமதி வாங்கி, மற்றதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். 214 பாட்டு 130 ஆகிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை.

விண்ணப்பம் ஆன்லைனிலேயே முடிந்துவிடும். கடையின் பரப்பு, இருக்கை, திறந்திருக்கும் நேரம் கேட்பார்கள். சமையலறையையும் ஸ்டோர் ரூமையும் பரப்பில் சேர்த்துவிடாதீர்கள். வாடிக்கையாளர் புழங்குகிற இடம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லி, எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று கேளுங்கள். கட்டணத்துக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். நம் மாதிரி 5 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிற உணவகங்களுக்கு அதைத் திரும்ப எடுக்க வழியில்லை, ஆகவே அதையும் செலவாகவே எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம், இது தினசரி பின்னணியில் ஓடுகிற பாட்டுக்கான உரிமம் மட்டும். டிசம்பர் 31 ராத்திரி சிறப்பு நிகழ்ச்சி, டிஜே என்றால் அதற்குத் தனி உரிமம். ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி இன்னொரு விஷயம். ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை என்பதைப் பாட்டு உரிமம் மாற்றாது.

எங்கே உரிமமே வேண்டாம்? கோயில் வழிபாடு, அரசு விழா, கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பும் கல்யாணத்தை ஒட்டிய மற்றக் கொண்டாட்டங்களும் மதச் சடங்கு என்பதில் அடங்கும் என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. கல்யாண வீட்டில் உரிமம் கேட்டுத் தொல்லை தரக்கூடாது என்று மத்திய அரசும் 2023 ஜூலையில் அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் அதே மண்டபத்தில் கம்பெனி ஆண்டுவிழா நடந்தால் விலக்கு கிடையாது. நம் கடையில் நடக்கிற பிறந்தநாளுக்கும் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியிருப்போருக்கான பொது ஹால், லாப நோக்கமில்லாத மன்றம், மாணவர்களும் பெற்றோரும் மட்டும் பார்க்கிற பள்ளி விழா ஆகியவற்றுக்கும் வெவ்வேறு அளவில் விலக்கு உண்டு.

காசு கட்ட வசதியில்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 வருடம்தான் பாதுகாப்பு. 1964இல் வெளியான பதிவு 2024 முடிவோடு பொதுச்சொத்தாகிவிட்டது. ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு. படைத்தவர் இறந்த பிறகு 60 வருடம். கண்ணதாசன் மறைந்தது 1981. அவர் வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு. அதனால் 1964க்கு முந்தைய சினிமாப் பாட்டைப் போட்டாலும் ஐபிஆர்எஸ் பக்கம் பாக்கி இருக்கும். பழைய பாட்டைப் புதுசாகப் பாடி வெளியிட்டிருந்தால் அந்தப் புதுப் பதிவுக்குத் தனியாக 60 வருடம்.

இரண்டு பக்கமும் பாக்கியில்லாமல் செய்ய எங்களுக்குக் கிடைத்த வழி இது. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், முத்துஸ்வாமி தீட்சிதர் 1835இல். திருப்புகழும் தேவாரமும் அதைவிடப் பல நூற்றாண்டு முந்தியவை. பாரதியார் பாடல்களை 1949இலேயே அரசு வாங்கி, பிறகு பொதுவுடைமை ஆக்கிவிட்டது. ஆனால் பாபநாசம் சிவன் மறைந்தது 1973. அவர் கீர்த்தனைகள் 2033 முடியும் வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, அப்பாவுக்குத் தெரிந்த நாகஸ்வரக்காரர் ஒருவரையும் தவில்காரர் ஒருவரையும் வீட்டுக்கு அழைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியத்துக்குள் எட்டுக் கீர்த்தனை வாசித்துக் கொடுத்தார்கள். பேசிய பணத்தைக் கையில் கொடுத்து, ஒப்பந்தமும் எழுதினோம்.

அந்த ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள். எந்தெந்த உருப்படி, எங்கே போடலாம், எத்தனை வருடம், எந்த எல்லைக்குள், எவ்வளவு பணம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வருடம் எழுதாமல் விட்டால் சட்டம் அதை 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். வாசித்தவர்களுக்கும் கலைஞர் என்ற முறையில் 50 வருடம் தனி உரிமை உண்டு, ஆகவே தவில்காரரின் கையெழுத்தும் வேண்டும். நாங்கள் பத்து வருடம், எங்கள் கடையில் மட்டும் என்று எழுதினோம். வேறு கடைக்கு அவர்கள் கொடுக்க நினைத்தால் அந்தக் காசு அவர்களுக்கு வர வேண்டும் அல்லவா? இப்போது காலை 6 முதல் 8 வரை அந்தப் பதிவுதான் ஓடுகிறது. அப்பா கல்லாவில் உட்கார்ந்து, தவில் வருகிற இடத்தில் மேசைமேல் விரலால் தட்டுவார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பையன் வந்து பாடுகிறான். ஆள் நேரில் பாடினால் ஒலிப்பதிவு உரிமம் தேவையில்லை, வரிக்கும் மெட்டுக்கும் மட்டும் போதும். அவன் முதல் வாரம் போனில் கரோக்கி டிராக் போட்டுக்கொண்டு பாடினான். கரோக்கி டிராக்கும் ஒரு ஒலிப்பதிவுதான். அதற்கு வேறு சொந்தக்காரர் இருக்கிறார். இரண்டாம் வாரத்திலிருந்து கிடார் கொண்டுவரச் சொல்லிவிட்டேன்.